நம்பிக்கையும் உடன்பாடும்

மருத்துவத்தின் ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் முன்னே, பயன் உறுதிப்படாத நிலையில் தம் உடலைக் கொடுத்த நோயாளர் சிலர் உளர். மரணத்தின் வாயிலில் நிற்பவர் அளிக்கும் உடன்பாடு உண்மையான உடன்பாடாகுமா என்பதே ஈண்டு எழும் வினா.

புற்றுநோய்க்கான நிர்ப்பீடனச் சிகிச்சை இவ்வினாவைக் கூர்மையாக்குகின்றது. உடலின் எதிர்ப்பாற்றலுக்கு இயற்கை இட்டுள்ள தடைகளை நீக்கி, அதனைக் கட்டிகளின்மீது ஏவுவதே அச்சிகிச்சை. இவ்வழியைக் கண்ட ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொன்ஜோ ஆகியோர் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். இரு தடைகளை ஒருசேர நீக்கினால் என்ன நிகழும்? முற்றிய மெலனோமா நோயாளர் 53 பேருக்கு இபிலிமுமாப், நிவோலுமாப் ஆகிய மருந்துகளை ஒருங்கே வழங்கிய முதற்கட்டப் பரிசோதனையின் முடிவுகள் 2013இல் வெளியாயின. நூற்றுக்கு 40 வீதமானோரிடம் கட்டிகள் கணிசமாகச் சுருங்கின. 53 வீதமானோர் கடும் பக்கவிளைவுகளுக்கு ஆளாயினர். கட்டவிழ்ந்த படை பகையை மட்டுமன்றி, குடலையும் ஈரலையும் கூடத் தாக்கவல்லது.

முதற்கட்டப் பரிசோதனையின் தலையாய நோக்கம், எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்று அறிவதே. நோயாளியோ குணமடையவே வருகின்றார். உயிராசை உள்ளவருக்குத் தெரிவே இல்லை. ஆதலால் அவரது உடன்பாடு செல்லாது என்பர் சிலர். இதனை ஏற்பதற்கில்லை. அவ்வாறு கூறுவது, இறக்கும் மனிதரிடம் எஞ்சியுள்ள சுதந்திரத்தையும் பறிப்பதாகும். உடன்பாட்டைக் கெடுப்பது நம்பிக்கையன்று, உண்மையின்மையே.

வேறுவகை மருந்தொன்றின் வரலாறு இதற்குச் சான்று. 1999, 2000ஆம் ஆண்டுகளில் திருவனந்தபுரம் பிராந்தியப் புற்றுநோய் நிலையத்தில் வாய்ப்புற்று நோயாளர் 26 பேரிடம் புதிய இரசாயனப் பொருளொன்று பரிசோதிக்கப்பட்டது. உரிய உடன்பாடு பெறப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதில் தொடர்புற்ற தன் ஆய்வாளர் உரிய அனுமதியின்றிச் செயற்பட்டதை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2001இல் விசாரணையின் பின் ஏற்றுக்கொண்டது.

ஆயின், உண்மையை மறைப்பவர் ஆய்வாளர் மட்டுமல்லர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட செட்டிபாளையம் போன்ற எமது ஊர்களில், நோயின் பெயரை நோயாளிக்கு ஒளிப்பதே அன்பெனக் கருதப்படுகின்றது. “அப்பாவுக்குச் சொல்லிப்போடாதீங்க” என்று பிள்ளைகள் வைத்தியரைக் கெஞ்சுவர். “டொக்டர் சொன்னாச் சரிதானே” என்று அப்பாவும் கையொப்பமிடுவார். தம் நோயின் பெயரையே அறியாதவர் எதற்கு உடன்படுகின்றார்? அன்பினால் மறைத்தாலும் ஆய்வுக்காக மறைத்தாலும், அவர் இழப்பது ஒன்றே.

வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்து, மருத்துவருக்கும் மருந்துக்கும் முன்னதாக நோயாளியையே வைக்கின்றார். நோயாளி மருந்து செலுத்தப்படும் பொருளல்லர், மருத்துவத்தின் பங்காளி. ஆகவே அவரது மொழியில், அவசரமின்றி, “இது உங்களைக் குணப்படுத்தாமற் போகலாம், பின்வருவோர்க்குப் பயன்படலாம்” என்று கூறவேண்டும். அதன்பின்னும் அவர் இசைவாராயின், அது அவரிடமிருந்து பறித்ததன்று. அவர் அளித்த கொடை.