முளைக்காதவற்றின் கணக்கு

தீமைக்குப் பின்னால் ஒரு மனம் இருந்தாக வேண்டும் என்பது நம் நீதியுணர்வின் பழைய பிடிவாதம். கருதிச் செய்யாதது விபத்து. விபத்தில் குற்றவாளி இல்லை. குற்றவாளி இல்லாத இடத்தில் விசாரணையும் முடிந்துவிடுகிறது. இந்த வரிசையில் எங்கோ கோளாறு இருப்பதாக எனக்குப் படுகிறது. பூண்டுக் கடுகு என்ற செடியை முன்வைத்து இதை யோசிக்கலாம்.

ஐரோப்பியச் செடி இது. வட அமெரிக்காவில் முதன்முதல் பதிவானது 1868இல், லாங் ஐலண்டில். குடியேறியவர்கள் கீரைக்கென்று கொண்டு போயிருக்கலாம். மேப்பிள் கன்றுகளின் வேரோடு சில பூஞ்சைகள் கூடி வாழ்ந்து, மண்ணின் சத்தை அவற்றுக்குச் சேர்த்துக் கொடுக்கின்றன. பூண்டுக் கடுகு மண்ணில் கசியவிடும் ரசாயனம் இந்தப் பூஞ்சைகளின் வித்துகளை முளைக்கவிடுவதில்லை. கன்று குன்றிப் போகிறது. செடி வளராத மண்ணில் அதன் சாற்றை மட்டும் சேர்த்தபோதும் இதுவே நிகழ்ந்ததாக 2006இல் ஓர் ஆய்வு காட்டிற்று. பூண்டுக் கடுகுக்கு இந்தப் பூஞ்சைகளின் தயவு தேவையில்லை. அதற்கு நஷ்டம் எதுவுமில்லை.

ஐரோப்பிய மண்ணின் பூஞ்சைகளை இதே ரசாயனம் அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்று 2008இல் தெரியவந்தது. அங்கே நெடுங்காலப் பழக்கம். ஆக, நஞ்சு என்பது இலையில் மட்டும் உறையும் குணமன்று. இரண்டு உயிர்களுக்கிடையிலான பரிச்சயக் குறைவும் அதில் சேர்ந்திருக்கிறது. வந்தேறி என்பதாலேயே ஒன்றைக் குற்றவாளியாக்குகிறவர்களுக்கு இது சௌகரியமான சாட்சியம் ஆகாது.

2009இல் இன்னொன்று வெளியாயிற்று: இச்செடி வந்து வெகுகாலமான இடங்களில் அதன் நஞ்சு குறைந்திருக்கிறது. காலம் சரிசெய்துவிடும் என்று ஆறுதல் கொள்ள இது போதும். இங்குதான் நான் தயங்குகிறேன். காலம் செய்துவைக்கும் சமரசம் மிஞ்சியவர்களுக்கிடையே ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளில் தலையெடுக்காமல் போன கன்றுகள் அதில் ஒரு கட்சியாக இல்லை. முதிர்ந்த மேப்பிள்கள் நிமிர்ந்தே நிற்பதால், பார்க்கிறவனுக்குக் காடு பழுதில்லாமல்தான் தோன்றும். அடியில் வாரிசு இல்லை என்பது குனிந்தால்தான் தெரியும்.

செடிக்கு மனமில்லை, கீரைக்குக் கொண்டு போனவனுக்குக் கெட்ட எண்ணமில்லை. இருவரையும் விடுவித்துவிடலாம். இழப்பு அதனால் இல்லாமல் ஆகிவிடுவதில்லை. யார் செய்தது என்ற கேள்விக்குப் பதில் அற்றுப்போன பிறகும், எது முளைக்காமல் போயிற்று என்று கேட்கும் கடமை மிஞ்சுகிறது. விதை விழுவதற்கு முன், வசந்தத்தில் அந்தக் காடுகளுக்குள் போய்ச் செடியைக் கையால் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரையும் தண்டிப்பதில்லை. கன்றுக்கு இடம் விடுகிறார்கள்.