வாசலில் தொடங்கும் விவேகம்

பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னப்பறவையை விவேகத்திற்கு உவமையாகக் கூறுவர் பெரியோர். மணலும் சர்க்கரையும் கலந்து கிடந்தாலும் எறும்பு சர்க்கரையை மட்டும் எடுத்துக்கொள்வதைக் காட்டி, இல்லறத்தார் உலகில் வாழவேண்டிய முறையை விளக்கினார் குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணர். பிரித்தறியும் இந்தப் பழக்கம் பூஜையறையோடு நின்றுவிடுவதன்று. அடுக்களையிலும் பயில வேண்டியது. இதற்குத் தூய அன்னை ஸ்ரீசாரதாதேவியின் வாழ்க்கையே சான்று.

கொல்கத்தாவின் பாக்பஜார் பகுதியிலுள்ள உத்போதன் இல்லத்திற்கு 1909 மே மாதத்தில் அன்னை குடிவந்தார். ஒருநாள் அங்கே கூடையில் பழங்கள் வந்தன. பழங்களை எடுத்து வைத்தபின், வெறுங்கூடை தெருவில் எறியப்பட்டது. அதைக் கண்ட அன்னைக்கு மனம் பொறுக்கவில்லை. துறவியருக்கு இது ஒரு பொருட்டாக இராது, ஆனால் குடும்பத்தில் வாழ்வோரால் இப்படி வீணாக்க இயலாது என்றார். காய்கறித் தோல் போட்டு வைக்கவாவது பயன்படுமே என்று கூறி, கூடையை எடுத்துவரச் செய்து கழுவி வைத்துக்கொண்டார்.

மனிதர் உண்ணத்தக்கதைப் பசுவுக்கும், பசு உண்ணத்தக்கதை நாய்க்கும் போடலாகாது. அவையும் உண்ணாததைக் குளத்தில் இட்டால் மீன்கள் உண்ணும். எதுவும் வீணாகக் கூடாது என்பது அன்னை வகுத்த முறை. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய இடத்தைச் சென்றடைய வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. இன்று குப்பையைத் தரம் பிரித்தல் என்று நகராட்சிகள் கூறுவதும் இதையே.

அன்னை வாழ்ந்த அந்த நகரில் இன்றும் காலைப்பொழுதில் துப்புரவுப் பணியாளர் கைவண்டியுடன் வந்து விசில் ஊதி அழைக்கின்றனர். வீட்டுக்காரர் குப்பையை வண்டியில் கொட்டியதும் தம் கடமை முடிந்தது என்று எண்ணுகின்றனர். உண்மையில் அந்தக் குப்பையின் பயணம் அப்போதுதான் தொடங்குகிறது. நகரின் கிழக்கெல்லையில் உள்ள தாபா என்னுமிடத்தில்தான் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கொல்கத்தாவின் குப்பை கொட்டப்பட்டு வருகிறது. அந்நாளைய குப்பையில் பெரும்பகுதி மக்கும் பொருள்களே. அவை மண்ணோடு கலந்து எருவாயின. அந்த நிலத்தில் உழவர் காலிபிளவரும் பிற காய்கறிகளும் விளைவித்தனர். அவை நகரின் சந்தைகளுக்கே திரும்பி வந்தன. அதனை அடுத்த நீர்நிலைகளில் நகரின் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்த்தனர். சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம், 2002-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

நகரத்தார் வேண்டாமென்று எறிந்ததை அன்னமாக்கித் திருப்பித் தந்த பூமி அது. அந்தப் பூமியும் பிளாஸ்டிக்கை எருவாக்க இயலாது. சோற்றோடு கண்ணாடித்துண்டும், காய்கறித் தோலோடு பழைய பேட்டரியும் கலந்துவிட்டால், எருவாக வேண்டியது நஞ்சாகிறது. மறுபடி பயன்பட வேண்டிய காகிதமும் கெட்டுப்போகிறது. மேடாகக் குவிந்த ஈரக்குப்பை காற்றின்றி அழுகும்போது மீத்தேன் வாயு தோன்றித் தீப்பற்றவும் ஏதுவாகிறது. வீட்டில் ஒரு நொடியில் பிரித்து வைக்கக்கூடியதைக் கலந்தபின் பிரிப்பது எந்த இயந்திரத்திற்கும் கடினம். ஆகவே இப்பணியில் இல்லத்தாரின் இடத்தை வேறெவரும் நிரப்ப முடியாது.

1898-இல் கொல்கத்தாவைப் பிளேக் அச்சுறுத்தியபோது சுவாமி விவேகானந்தர் வெளியிட்ட அறிக்கையில், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் சாக்கடையையும் தூய்மையாக வைத்துக்கொள்ளுமாறு மக்களை வேண்டினார். மறுஆண்டு நோய் மீண்டும் பரவியபோது, சகோதரி நிவேதிதை செயலாளராகவும் சுவாமி சதானந்தர் மேற்பார்வையாளராகவும் இருந்து ராமகிருஷ்ண மிஷனின் நிவாரணப் பணியை நடத்தினர். சந்து ஒன்றைச் சுத்தம் செய்ய ஆள் கிடைக்காதபோது, நிவேதிதையே துடைப்பம் எடுத்துப் பெருக்கத் தொடங்கினார். அதைக் கண்டு நாணிய அப்பகுதி இளைஞர்கள் அவர் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டனர். அவர்கள் நாணியதற்குக் காரணம் உண்டு. தம் வீட்டுக் குப்பை பிறருடைய வேலை என்று அதுவரை அவர்கள் நினைத்திருந்தனர்.

அந்த எண்ணம் இன்னும் அகலவில்லை. பிரிக்காத குப்பையைப் பிரிக்க வேண்டியவர் ஒருவர் எங்கோ இருக்கிறார். உடைந்த கண்ணாடியும் சவரக்கத்தியும் கிழிப்பது அவருடைய கையை. தட்சிணேசுவரத்தில் குருதேவர் தம் குலப்பெருமை அழியும்பொருட்டு, துப்புரவாளர் ஒருவரின் வீட்டில் கழிவிடத்தைத் தம் கூந்தலால் துடைத்தார். அவரை வணங்குவோர், வாசலுக்கு வரும் துப்புரவாளரின் கைகளைக் காயப்படுத்தாமலாவது இருக்க வேண்டாமா?

செய்ய வேண்டியது அரிதன்று. சமையல் கழிவையும் வாடிய பூஜை மலர்களையும் ஒரு வாளியில் இடலாம். இடமுள்ளோர் அவற்றைத் தொட்டியில் காய்ந்த இலைகளோடு மாற்றி மாற்றி அடுக்கி வீட்டிலேயே எருவாக்கலாம். நிர்மால்யத்தைப் பிளாஸ்டிக் பையோடு கங்கையில் எறிவது புண்ணியமாகாது. காகிதம், கழுவிய பால் உறை, புட்டி ஆகியவற்றை உலர்ந்த நிலையில் தனியே வைக்கலாம். கண்ணாடித்துண்டு, சவரக்கத்தி ஆகியவற்றைக் கெட்டியான காகிதத்தில் பொதிந்து, உள்ளே இருப்பதை மேலே எழுதித் தரலாம். அணையாடை போன்றவற்றையும் தனியே சுற்றித் தரவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, தேவைக்கு மேல் வாங்காதிருப்பது நலம்.

வீட்டில் குழந்தைகள் இதைப் பார்த்தே கற்கின்றனர். தோலை ஒரு வாளியிலும் தாளை வேறொரு வாளியிலும் இடும் சிறுவன், தான் எறியும் பொருளை ஏந்துவதற்கு ஒரு மனிதர் வருவார் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறான். பிற உயிரை நினைக்கப் பழகிய அந்த மனத்தில்தான் விவேகம் வேரூன்றும். ஒரு பழைய கூடையைக் கழுவி எடுத்து வைத்த அன்னையின் திருவருள், இல்லந்தோறும் அந்த மனத்தை வளர்க்கட்டும்.