கத்தரி படாத காணிக்கை

ஆடி அமாவாசைக்கு நாலைந்து நாள் இருக்கும்போதே தென்காசி – அம்பாசமுத்திரம் சாலையில் ஆழ்வார்குறிச்சியைத் தாண்டி வேன்கள் போகத் தொடங்கிவிடும். அண்டா, அடுப்பு, பாய், தார்ப்பாய் என்று குடும்பமே வீட்டைப் பெயர்த்துக்கொண்டு கிளம்பியிருக்கும். போகிற இடம் பாபநாசத்துக்கு மேலே, களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் தாமிரபரணிக் கரையில் இருக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். அய்யனாரைக் கும்பிட்ட கையோடு ஜனம் பட்டவராயன் சன்னதிக்கு நகரும். அங்கே தேங்காய் பழத்தோடு இன்னொரு காணிக்கையும் உண்டு. ஒரு ஜோடி தோல் செருப்பு.

மற்றக் கோயில்களில் வாசலோடு நின்றுவிடும் பொருள் இங்கே சாமிக்கு முன்னால் தொங்குகிறது. நேர்ந்துகொண்டவர்கள் புதுச்செருப்பைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். மறு வருஷம் பார்த்தால் அது தேய்ந்திருக்கும், ராத்திரிகளில் பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றிவருகிறான் என்பது நம்பிக்கை.

அவன் கதை நெல்லைச் சீமையில் பலரும் அறிந்தது. பட்டவராயன் என்ற சாமியாவதற்கு முன் அவன் முத்துப்பட்டன் என்ற பிராமணன். அண்ணன்மாரோடு பிணங்கி மலையாளத்துப் பக்கம் போய் வேலைக்கு இருந்தவன். அவர்கள் சமாதானம் பேசி ஊருக்குக் கூட்டிவரும் வழியில், காட்டில் பாடிக்கொண்டிருந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறான். அவர்களுடைய அப்பன் வாலப்பகடை. இன்று அருந்ததியர் என்று சொல்லப்படும் சமூகத்தவர், மாடு காவல்காரர். பெண் கேட்டு வந்த பிராமணனிடம் அவர் ஒரு நிபந்தனை வைக்கிறார்: பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கப் பழகு. பட்டன் மூன்றையும் செய்து இருவரையும் மணக்கிறான். மாமனாரின் மாடுகளைக் கள்ளர் கூட்டம் ஓட்டிக்கொண்டு போக, தனியாளாகப் போய் அடித்து விரட்டுகிறான். கடைசியில் ஒளிந்திருந்த ஒருவன் கையால் குத்துப்பட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள்.

இந்தக் கதையில் பின்னால் ஒட்டிய ஒரு காட்சி இருக்கிறது. பொம்மக்காவும் திம்மக்காவும் பகடை பெற்ற பிள்ளைகள் இல்லையாம். பிராமணக் குடும்பத்தில் பிறந்து காட்டில் விடப்பட்ட குழந்தைகளாம். பகடை எடுத்து வளர்த்தாராம். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை 1971இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்தபோது இந்தப் பிறப்புக் காட்சியைக் கையும் களவுமாகப் பிடித்தார். மேல்சாதிக் கேட்பாளர்களின் மனம் கோணாமல் இருக்கப் பிற்காலத்தில் நுழைத்தது என்பது அவர் முடிவு.

தர்க்கமும் அவர் பக்கம்தான். பெண்கள் பிறப்பால் பிராமணர்கள் என்றால் பட்டன் பூணூலை அறுத்தது வீண் வேலை. செருப்புத் தைக்கப் பழகியது வீண் வேலை. அவன் கடந்த கோடு அங்கே இருந்ததே இல்லை என்றாகிவிடுகிறது. ஒரு காட்சியைச் சேர்த்து, கதையின் முதுகெலும்பை உருவியிருக்கிறார்கள்.

காட்சியைச் சேர்ப்பதும் வெட்டுவதும் ஒரே வேலையின் இரண்டு முகங்கள். சினிமாவில் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். லண்டன் ஹாமர் கம்பெனி 1958இல் எடுத்த 'டிராகுலா' அதற்கு நல்ல சான்று. இயக்கம் டெரன்ஸ் பிஷர். ரத்தம் குடிக்கும் பிரபுவாகக் கிறிஸ்டோபர் லீ, அவனைத் துரத்தும் வான் ஹெல்சிங்காகப் பீட்டர் குஷிங். படம் வண்ணத்தில் வந்தது. ரத்தம் சிவப்பாகவே தெரிந்தது. பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் வயது வந்தோருக்கான 'எக்ஸ்' சான்றிதழைக் கொடுத்துவிட்டு, கத்தரியையும் எடுத்தது.

வெட்டுப்பட்ட இடங்களைத்தான் கவனிக்க வேண்டும். முதலாவது, இறுதிக் காட்சி. வெயில் பட்டுக் கருகும் டிராகுலா தன் முகத்துச் சதையைத் தானே பிய்த்துக்கொள்ளும் சில நொடிகள். இரண்டாவது, மினா என்ற பெண்ணை அவன் நெருங்கும் இடம். கழுத்தைக் கடிப்பதற்கு முன் அவள் முகத்தோடு முகம் உரசுகிறான், அவள் விலகவில்லை. இந்தக் காட்சியில் ரத்தமே இல்லை. ஆனாலும் போயிற்று. கொலைகாரன் வீட்டுக்குள் வருவதைக்கூடப் பொறுத்துக்கொண்ட தணிக்கைக்கு, வீட்டுப் பெண் அவனை விரும்புவதுபோலத் தெரிவதுதான் பொறுக்கவில்லை.

வெட்டிய சுருள் தொலைந்தது என்றே பல வருஷம் நினைத்திருந்தார்கள். 2011இல் டோக்கியோவில் தேசியத் திரைப்பட மையத்தின் இருப்பில், ஜப்பானுக்கு அனுப்பிய பிரதியின் பிற்பகுதிச் சுருள்கள் அகப்பட்டன. 1984இல் அங்கே ஏற்பட்ட தீ விபத்தில் முற்பகுதி அழிந்திருந்தது. மிஞ்சியதற்குள் அந்த இரண்டு காட்சிகளும் இருந்தன. சரிசெய்து, படத்தில் சேர்த்து, 2013இல் ப்ளூ-ரே வட்டாக வெளியிட்டார்கள்.

தமிழிலும் முதல் 'ஏ' சான்றிதழ் பேயால்தான் வந்தது. 1951இல் கே. ராம்நாத் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்த 'மர்மயோகி' அந்தப் படம். பேய் வரும் காட்சிகளைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று கொடுத்தார்கள். இத்தனைக்கும் கதைப்படி அந்தப் பேய் பேயே இல்லை. செத்ததாக எல்லோரும் நம்பிய ராஜா, செருகளத்தூர் சாமாவின் உருவில், உயிரோடுதான் இருக்கிறார்.

பேயைவிடப் பெரிய சங்கடம் பிறப்பு. 1956இல் வந்த 'மதுரை வீரன்' அதற்குச் சாட்சி. டி. யோகானந்த் இயக்கம், கண்ணதாசன் வசனம், மறுபடியும் எம்.ஜி.ஆர். ராஜா வீட்டில் பிறந்து, ஜாதகக் கோளாறு என்று காட்டில் விடப்பட்ட குழந்தையைச் செருப்புத் தைக்கும் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள், என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் நடித்த பாத்திரங்கள். சினிமாக்காரர்கள் இதைப் புதிதாகக் கட்டவில்லை. அச்சிட்ட அம்மானைக் கதைப்பாடலிலேயே வீரன் காசி ராஜா மகன்தான். ஆனால் அருந்ததியர் வழக்கில் அவன் தங்கள் வீட்டுப் பிள்ளை. பாளையக்காரர் மகள் பொம்மியைத் தூக்கிக்கொண்டு போனவன் அரச குலத்தவன் என்று கடைசியில் தெரிந்துவிட்டால் கேட்பவருக்கு ஒரு நிம்மதி. பட்டன் கதையில் பெண்களுக்குச் செய்ததை வீரன் கதையில் ஆணுக்குச் செய்திருக்கிறார்கள்.

லண்டனிலும் நெல்லையிலும் கத்தரியை எடுத்தவர்களுக்கு ரத்தம் மட்டுமே பிரச்சினை இல்லை. யார் யாரைத் தொட்டார்கள் என்பதே பெரிய பிரச்சினை.

இங்கேதான் சமயம் சார்ந்த கேள்வி எழுகிறது. சினிமாவுக்கு ஒரு மூலப் பிரதி உண்டு. வெட்டியதைத் தேடினால் ஒருநாள் கிடைக்கலாம். பட்டன் கதையைப் பாடும் வில்லுப்பாட்டுக்கு மூலம் எது? கொடை என்னும் கோயில் விழா ஒவ்வொன்றுக்கும் புலவர் கதையை நீட்டுகிறார், குறைக்கிறார். கல்யாணக் காட்சியைக் கேட்டுச் சிரிக்கும் கூட்டம் என்றால் அது ஒரு மணி நேரம் ஓடும். அப்படியானால் எல்லா வடிவமும் சமம்தானே, ஒன்றை மெய் என்றும் இன்னொன்றை ஒட்டு என்றும் சொல்ல யாருக்கு உரிமை?

கொடை நடக்கும் முறையே இதற்குப் பாதிப் பதில் சொல்கிறது. வில்லுப்பாட்டு வெறும் கதை சொல்லல் இல்லை. உடுக்கையும் குடமும் வேகமெடுத்து, நாயகன் சாகும் இடத்துக்குப் பாட்டு வரும்போதுதான் சாமியாடிக்கு அருள் வரும். புலவர் சாமப் பூசையின் நேரம் பார்த்து அந்த இடத்துக்குக் கதையைக் கொண்டுவந்து சேர்ப்பார். முன்னே பின்னே எதை வெட்டினாலும் அந்தச் சாவை வெட்ட முடியாது. வெட்டினால் சாமி வராது. பார்க்க முடியாத காட்சி என்று தணிக்கை எதை நினைக்குமோ, அந்தக் காட்சியின் வழியாகத்தான் தெய்வம் ஊருக்குள் வருகிறது.

சுடலைமாடன் கதை இன்னும் கடினமானது. பார்வதி பிள்ளை வரம் கேட்கிறாள். விளக்குச் சுடரிலிருந்து பிள்ளை பிறக்கிறது. தாய் தூங்கும் நேரத்தில் அது எழுந்துபோய்ச் சுடுகாட்டில் பிணம் தின்கிறது. கயிலாயத்தில் இதற்கு இடமில்லை என்று சிவன் பூலோகத்துக்கு அனுப்பிவிடுகிறார். டிராகுலாவும் ராத்திரியில் எழுந்து வருகிறவன்தான். ஆனால் அவனை வெயிலில் எரித்து முடிக்கிறார்கள். சுடலைக்குப் பீடம் கட்டி, காவல் வேலை கொடுத்து, ஊர் எல்லையில் குடிவைத்திருக்கிறார்கள். கணியான் கூத்தில் அண்ணாவி பாட, மகுடம் என்ற தோல்கருவி முழங்க, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆட, இந்தப் பிணம் தின்ற கதையை ஊரே உட்கார்ந்து கேட்கும். நடுச்சாமத்தில் கணியான் தன் கையைக் கீறிச் சில சொட்டு ரத்தம் கொடுப்பார். கைவெட்டு என்று அதற்குப் பெயர். பயங்கரத்தைக் கொல்லாமல், அதற்கு ஒரு வேளையும் ஓர் அளவும் வகுத்துக் கொடுப்பது இந்த மரபின் வழி.

ஊருக்கும் தணிக்கை தெரியும். அய்யனார் சைவச் சாமி. அவர் வளாகத்திலேயே இருக்கும் மாடனுக்கோ கருப்பனுக்கோ கிடா வெட்டும்போது அய்யனார் சன்னதிக்கு முன்னால் ஒரு துணியை இழுத்துவிடுவார்கள். வெட்டு முடிந்து இடத்தைக் கழுவிய பிறகு துணி விலகும். ஒரு சாமியின் கண்ணுக்குத்தான் மறைக்கிறார்கள். இன்னொரு சாமியின் பசியை இல்லை என்று சொல்லவில்லை. வெட்டவே இல்லை என்று கதை கட்டுவதும் இல்லை.

அரசின் கத்தரி வேறு மாதிரி. சென்னை அரசு 1950இல் இயற்றிய விலங்குகள், பறவைகள் பலியிடல் தடைச் சட்டம் அரை நூற்றாண்டாகத் தூங்கிக் கிடந்தது. 2003 ஆகஸ்டில் முதல்வர் ஜெயலலிதா அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னார். கிடாயும் சேவலும் நேர்ந்துவிட்டவர்கள் திகைத்தார்கள், எதிர்ப்பு வலுத்தது. 2004 பிப்ரவரியில், நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில மாதம் முன்பு, சட்டமே திரும்பப் பெறப்பட்டது.

பலி வேண்டாம் என்று ஓர் ஊர் தானாகவே முடிவெடுத்தால் அது வேறு விஷயம். பல சுடலைமாடன் கோயில்களில் கிடாய்க்குப் பதில் பொங்கலும் பூசணிக்காயும் வந்துவிட்டன. உயிர்க்கொலை கூடாது என்ற எண்ணமும் இந்த மண்ணில் பழையதுதான். கைவெட்டுக்கு இளைய கணியான் ஒருவர் மாட்டேன் என்றால், அவர் ரத்தம் அவருக்குச் சொந்தம். ஒரு செயலை விடுவதற்கு மனிதருக்கு உரிமை உண்டு. அதை எப்போதுமே செய்யவில்லை என்று கதையைத் திருத்தும்போதுதான் தவறு தொடங்குகிறது. கிடாய் வெட்டை நிறுத்திய ஊர், சுடலை பிணம் தின்ற பாட்டையும் நிறுத்தினால், காவல் தெய்வம் ஏன் ஊருக்கு வெளியே நிற்கிறது என்பதற்குக் காரணம் இல்லாமல் போகும்.

மறுதரப்புக்கும் ஒரு வாதம் உண்டு. தெய்வம் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, பக்தன் தன் தெய்வத்தை உயர்த்திப் பார்க்கத்தான் செய்வான். குறையை மறைப்பது அன்பின் இயல்பு என்பார்கள். அன்பு மறைக்கும் என்பது சரி. ஆனால் பட்டன் கதையில் மறைக்கப்பட்டது எது? குறை இல்லை. வாலப்பகடையின் மகள்களைக் கட்டியது குறை என்று நினைப்பவர்களுக்குத்தான் அந்தப் பிறப்புக் காட்சி தேவை. அது பட்டனை உயர்த்தவில்லை. அவனுடைய ஒரே பெரிய செயலை அவனிடமிருந்து பறிக்கிறது. பகடையிடமிருந்து அவர் பெற்ற மகள்களையும் பறிக்கிறது.

இவ்வளவு நடந்தும் செருப்பில் யாரும் கைவைக்கவில்லை. கதையைத் திருத்தியவர்கள் காணிக்கையைத் திருத்த மறந்துவிட்டார்கள், அல்லது துணியவில்லை. பெண்களுக்கு எந்தப் பிறப்பைச் சொல்லிப் பாடினாலும், சன்னதிக்கு வருகிறவர் கையில் தோல் செருப்புதான் இருக்கிறது. மாமனார் சொல்லிக்கொடுத்த தொழிலை மருமகன் ஏற்றுக்கொண்டான் என்பதை அது ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் சொல்லிவிடுகிறது. மூலச் சுருள் இல்லாத கதைக்கு வழிபாடே மூலம். எந்த வடிவம் மெய் என்ற கேள்விக்கு மீதிப் பதில் அதுதான்: சாமிக்குக் கொடுப்பதோடு எந்தக் கதை பொருந்துகிறதோ அதுவே மெய்.

ஹாமர் படத்தின் 2013 வட்டில் முந்தைய பதிப்பையும் மீட்ட காட்சிகள் சேர்ந்த பதிப்பையும் சேர்த்தே தந்தார்கள். பார்ப்பவர் இரண்டையும் போட்டுப் பார்த்து, எங்கே கத்தரி விழுந்தது என்று தாமே தெரிந்துகொள்ளலாம். நம் பக்கம் கோயில் வரலாறு அச்சிடுகிறவர்களும், வில்லுப்பாட்டைப் பதிவு செய்து வெளியிடுகிறவர்களும் அதையே செய்யலாம். பொம்மக்காவும் திம்மக்காவும் பிராமணர் வீட்டில் பிறந்தார்கள் என்ற வடிவத்தைப் போடுங்கள்; அவர்கள் வாலப்பகடை பெற்ற மகள்கள் என்ற வடிவத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். கேட்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.