இன்பத்துக்காக ஓடும் வாகனம்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோல் வியாபாரத்தில் ஓரளவு பொருள் சேர்ந்த குடும்பத்து வாலிபர் ஒருவர், ஏலகிரிப் பக்கமும் ஜவ்வாது மலைப் பக்கமும் மண் பாதைகளில் ஏறிப் போவதற்கென்றே தம் முதல் பழைய ஜீப்பை வாங்க எண்ணும்போது, அவர் முன் வந்து நிற்கும் முதல் கேள்வி பெட்ரோலா, டீசலா என்பதே. மெக்கானிக்கைக் கேட்டால் மைலேஜையும் எண்ணெய் விலையையும் உதிரிப்பாகங்கள் கிடைக்கும் வசதியையும் சொல்லி, பெரும்பாலும் டீசல் என்றே முடிப்பார். அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் பிழைப்பின் நிமித்தமன்றி மனமகிழ்ச்சிக்காகவே ஒரு மனிதர் இயந்திரத்தில் தீ மூட்டிக்கொண்டு ஊர்த் தெருவழியே செல்கையில், அந்தத் தீயின் புகை யாருடைய மூச்சில் கலக்கிறது என்ற கேள்வி, விலைக் கணக்கால் தீராததாய், தர்ம விசாரத்தைச் சேர்ந்ததாய் எஞ்சி நிற்கிறது.

நாடு விடுதலை பெற்ற 1947-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயில் மகீந்திரா நிறுவனத்தார் கோர்த்துத் தரத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்புகள் பெட்ரோலில் ஓடியவை. உயர்ந்த பானெட் உடைய சி.ஜே. 3பி-யின் 2.2 லிட்டர் எஞ்சினில், கார்புரேட்டரில் காற்றோடு கலந்து வரும் பெட்ரோலை ஸ்பார்க் பிளக்கின் பொறி பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினுக்குப் பொறி வேண்டியதில்லை. காற்றை இருபதில் ஒரு பங்காக நெருக்கி, அந்த நெருக்கமே பிறப்பிக்கும் கடும் வெப்பத்தில் எண்ணெயைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்கிறது. 1980-களில் வந்த எம்.எம். 540-இல் இருந்தது பெஜோ உரிமத்தில் செய்த 2112 சி.சி. டீசல் எஞ்சின். குளிர்ந்த காலையில் சாவியைத் திருப்பி, ஹீட்டர் சூடேறும்வரை சற்றுப் பொறுத்துக் கிளப்பினால், எஞ்சின் அதிர்ந்து எழும் அந்த முதற்கணத்தில் வெளிப்படும் புகை, ஆம்பூரின் குறுகிய தெருவொன்றில், எதிர்வீட்டுத் திண்ணைவரை போய்ப் படியும். (பெட்ரோல் ஜீப்பில் பிற்காலத்தில் டீசல் எஞ்சினை மாட்டியவர்கள் பலர்; ஆகையால் ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் எதுவென்று எழுதியிருக்கிறது என்பதைப் பாராமல் பணம் கொடுப்பது பிறகு பெருந்தொல்லையில் முடியும்.)

ஆம்பூருக்கு அணித்தே மலையாம்பட்டை ஒட்டிய ஆர்மாமலைக் குகையில், ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டில் சமணர் தீட்டுவித்த ஓவியங்களின் எச்சங்கள் இன்றும் உள்ளன. சமணர் இல்லறத்தாரை நோக்கிச் செய்த ஒரு பாகுபாடு, ஜீப் வாங்குவோருக்கு நான் அறிந்த எந்த வழிகாட்டி நூலையும்விடப் பயன்படும். வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சை, வீட்டுக் காரியங்களில் நேரும் ஆரம்ப ஹிம்சை, தொழிலில் நேரும் உத்தியோக ஹிம்சை, தற்காப்பில் நேரும் விரோத ஹிம்சை என்று தீங்கை அவர்கள் நான்காகப் பகுத்து, முதலாவதை முற்றும் துறக்கவும், மற்றவற்றை இயன்றவரை குறைக்கவும் இல்லறத்தாருக்கு விதித்தார்கள். அத்தோடும் நிற்கவில்லை. பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குவதற்கு அனர்த்ததண்ட விரதம் என்று தனியே ஒன்றை வைத்தார்கள். தோல் வாணிகத்தையே சமண சமயம் ஏற்பதில்லை என்பது மெய்தான். ஆயினும் தேவையினால் நேர்வதையும் வேடிக்கையினால் நேர்வதையும் ஒரே தராசில் இடலாகாது என்ற அந்த விவேகம் எந்தச் சமயத்தாருக்கும் பொதுவானது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்து தொழுகைக்கான ஒளூ என்னும் அங்கசுத்தி செய்தாலும் நீரை வீண்விரயம் செய்யலாகாது என்னும் நபிமொழியை, பாலாற்றங்கரையின் பள்ளிவாசல்களில் வளர்ந்தவர்கள் அறிவார்கள்.

1909-ஆம் ஆண்டளவில் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றை உருளைப் பெஜோ கார் ஒன்றில் வேலூரிலிருந்து குடியாத்தம் சாலையில் போய், மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்த்தார். அந்தக் காரும் புகையைத்தான் கக்கியிருக்கும்; ஆயினும் அது தேவையினால் நேர்ந்தது. ஜவ்வாது மலைக் கிராமங்களிலிருந்து சாமையையும் பலாவையும் மனிதரையும் ஏற்றி இறக்கும் ஜீப்காரருக்கும் தேவையே காரணம்; அவருக்கு டீசலே உகந்தது. ஒரு லிட்டரில் அதிக தூரம் போவது அவர் வீட்டு உலைக்கு அரிசி. உல்லாசத்துக்காக ஓட்டுபவரிடமோ அந்தச் சிக்கனமே நேர்மாறான வேலை செய்கிறது. செலவு குறைவுதானே என்ற எண்ணம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரயாணத்துக்குத் தூண்டுகோலாகி, மிச்சப்பட்ட எண்ணெய் முழுவதும் கூடுதல் கிலோமீட்டர்களாக எரிந்துபோகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோவும், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோவும் கரியமில வாயு உண்டாகின்றது. அத்துடன் டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் உறுதிசெய்தது. பெட்ரோல் புனிதமானது என்று இதனால் ஆகிவிடாது. அதில் பென்சீன் இருக்கிறது. பழைய கார்புரேட்டர் எஞ்சின் கக்கும் கார்பன் மோனாக்ஸைடு அடைத்த ஷெட்டில் ஆளைக் கொல்லவும் வல்லது.

கண்ணுக்குத் தெரியாத தீங்கைப் பற்றி இந்தப் பிரதேசத்தாருக்கு வெளியூரார் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியில் ஊறப்போடுமுன் தோலை உதறும்போது கொட்டுகிறதே உப்பு, அது விஷமன்று. நாம் சோற்றில் இட்டு உண்ணும் பொருளே. ஆனால் அந்த உப்பும் குரோமியக் கழிவும் பல்லாண்டு பாலாற்றுப் படுகையில் இறங்கியதில் கிணறுகள் கெட்டு, ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதாக வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு சொன்னது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அன்னியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தரும் தொழிலாயினும் சுற்றுப்புறத்தை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்றும், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்றும், ஐயம் இருக்கும்போதே முன்னெச்சரிக்கை வேண்டும் என்றும் விதித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழிலுக்கே இது நியாயம் என்றால், எவருக்கும் சோறு போடாத ஒரு வாகனத்துக்கு அதனினும் கடுமையான நியாயம் அல்லவா வேண்டும்?

ஆகையால் என் முடிவு பெட்ரோல்; குறைவாக, அருகில் ஓட்டப்படும் பெட்ரோல். ஒவ்வொரு பிரயாணமும் கையைக் கடிப்பதால், போவதற்குமுன் ஒருமுறை யோசிக்க வைக்கும் குணம் அதற்கு உண்டு. இப்போது விற்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் அதற்கேற்ற ரகமாக மாற்றிக்கொண்டால் அந்தச் சங்கடம் பெருமளவு தீரும். இதனினும் கனமான ஆட்சேபம், கையைக் கடிப்பது பணமில்லாதவனைத்தானே, செல்வந்தனை எது தடுக்கும் என்பது. எண்ணெயின் விலை அவரைத் தடுக்காது, விரதம்தான் தடுக்கும். சமண இல்லறத்தார் திக் விரதம் கொள்ளும்போது, இன்ன திசையில் இன்ன ஆறு, இன்ன மலை, அதற்கப்பால் போவதில்லை என்று ஊரறிந்த அடையாளங்களால் எல்லை வகுத்துக்கொள்வார்கள். ஆம்பூர் வாலிபரும் ஜீப்புக்கு முன்பணம் கொடுக்குமுன், தெற்கே ஜவ்வாது மலை, தென்மேற்கே ஏலகிரி, கிழக்கே பாலாற்றின் போக்கில் வேலூர், மாதத்தில் இத்தனை தடவை என்று எழுதி, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் கையில் கொடுத்து வைக்கட்டும்.