சட்டம் கேட்காத ஒன்று

புனித ஜான்னா பெரெத்தா மோல்லாவைப் பெரும்பாலும் புகைப்படத்தில்தான் பார்க்கிறோம். கையில் குழந்தை, முகம் நிறையச் சிரிப்பு. இத்தாலியில் மிலானுக்குப் பக்கத்து மஜென்தாக்காரர். குழந்தை மருத்துவர். பனிச்சறுக்கில் ஆசை உள்ளவர், கார் ஓட்டியவர். மெழுகுவத்தி ஏற்றி மன்றாட நின்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் கடன் கேட்பதுபோல் முதலில் கூச்சமாக இருக்கிறது.

*

1961இல் நான்காவது குழந்தை வயிற்றில் இருந்தபோது கருப்பையில் நார்க்கட்டி என்றார்கள். கருப்பையையே எடுத்துவிடலாம். கருவைக் கலைத்துவிட்டுக் கட்டியை எடுக்கலாம். கட்டியை மட்டும் எடுத்துக் கருவை விட்டுவைக்கலாம். மூன்றாவதே அவருக்கு ஆபத்தானது. மருத்துவர் என்பதால் அது அவருக்கே நன்றாகத் தெரியும். அதைத்தான் கேட்டார். 1962 ஏப்ரல் 21, புனித சனியன்று மகள் பிறந்தாள். 28ஆம் தேதி தாய் இறந்தார். வயது 39.

மறையுரைகளில் விட்டுப்போகிற செய்தி ஒன்று உண்டு. இரண்டாவது வழியைத்தான் திருச்சபை தடுக்கிறது. முதல் வழியைத் தடுக்கவில்லை. நோயுற்ற உறுப்பை அகற்றுவதே அங்கே நோக்கம்; கருவின் இறப்பு, தெரிந்திருந்தும் நாடாத விளைவு. கத்தோலிக்க அறநெறி இதை நெடுங்காலமாக ஏற்று வந்திருக்கிறது. அவர் கருப்பையை எடுக்கச் சம்மதித்திருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லக்கூட ஒன்றும் இருந்திருக்காது. புனிதர் பட்டம், கடமை முடிந்த இடத்துக்கு அப்பால் அவர் போனதற்கு.

*

கருக்கலைப்பை அனுமதிக்கும் 194ஆம் எண் சட்டம், ஜான்னாவின் காலத்துக்குப் பிறகுதான், 1978 மே மாதம் இத்தாலியில் வந்தது. முதல் 90 நாட்கள் வரை அனுமதி. மனச்சான்றின் பேரில் மருத்துவர் மறுக்கவும் இடமுண்டு. கையெழுத்திட்டவர்களில் ஒருவர், நாள்தோறும் திருப்பலிக்குப் போகும் பிரதமர் அந்திரேயோத்தி. 1981 மே 13இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுடப்பட்டார். நான்கு நாள் கழித்து நடந்த வாக்கெடுப்பில், சட்டத்தைச் சுருக்க வேண்டும் என்ற கத்தோலிக்க இயக்கத்தின் கோரிக்கையைச் சுமார் 68 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த திருத்தந்தைக்காகச் செபமாலை உருட்டிய கைகளில் பலவும் அப்படித்தான் வாக்களித்திருக்க வேண்டும்.

அதே திருத்தந்தை 1994இல் ஜான்னாவை அருளாளராகவும் 2004இல் புனிதராகவும் உயர்த்தினார். தோற்ற வழக்குக்குச் சாட்சியாகக் கொண்டுவந்தார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. சந்தேகம் புரிகிறது, ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே, 1973இல், திருத்தந்தை ஆறாம் பவுல் தம் மூவேளைச் செப உரையில் இந்தத் தாயைக் குறிப்பிட்டிருந்தார்.

*

சட்டத்தைப் பற்றித் திருச்சபை பேசுவதில் எனக்குத் தயக்கமில்லை. பிறவாத உயிர் உயிரே என்றால் அதைச் சட்டமும் பார்க்கத்தான் வேண்டும். ஜான்னாவின் படத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் உறுத்துகிறது. எந்தச் சட்டமும் அவர் செய்ததை ஒரு பெண்ணிடம் கேட்க முடியாது, திருச்சபையே கேட்கவில்லையே. கருவைக் கலைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முன் அந்தப் படத்தைத் தூக்கிப் பிடிப்பது அதைவிடக் கொடுமை. அப்படிப்பட்ட பெண்களை நோக்கி, நம்பிக்கை இழக்காதீர்கள் என்ற பொருளில் 1995ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் பேசியவரும் அதே இரண்டாம் யோவான் பவுல்தான். அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் நிலையாகத் தந்தார். மறையுரையில் இவை இரண்டும் காதில் விழுவது அரிது.

*

அருளாளர் பட்டத்துக்கு ஏற்கப்பட்ட புதுமை, 1977இல் பிரேசிலின் கிராஜாவு ஊரில் நடந்தது. அங்குள்ள மருத்துவமனையை நிறுவியவர் ஜான்னாவின் அண்ணன், கப்புச்சின் குரு. அண்ணனோடு பணியாற்ற ஜான்னா ஒரு காலத்தில் ஆசைப்பட்ட ஊர் அது. உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. அங்கே ஒரு பெண்ணுக்குக் குழந்தை இறந்தே பிறந்திருந்தது. தாயின் நிலையும் மோசமாகியிருந்தது. செவிலியராக இருந்த அருள்சகோதரி ஜான்னாவிடம் மன்றாடினார். தாய் குணமடைந்தாள். குழந்தைக்காக உயிர் விட்டவரின் பெயரால் முதலில் காப்பாற்றப்பட்டது ஒரு தாய். பேறுகாலத்துக்குப் போகிறவர்களுக்காக நவநாள் சொல்லும்போது நான் இப்போதெல்லாம் தாயின் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன்.