வெடிக்காத சிலிண்டரின் பாவம்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் திருச்சி காந்தி மார்க்கெட்டில் கால் வைக்க இடமிருக்காது. பொரி மூட்டையும் வாழைக்கன்றும் சாம்பல் பூசணியும் ரோடு வரை வந்துவிடும். வாங்க வருகிறவர்களில் லேத் பட்டறைக்காரர்களும் பஞ்சர் கடைக்காரர்களும் உண்டு. பூஜையன்று கம்ப்ரசர் டேங்குக்கும் ஒரு பொட்டு, ஒரு மாலை.

2022-இல் அந்தப் பூஜை அக்டோபர் 4 அன்று வந்தது. அதற்கு இரண்டு நாள் முன், ஞாயிற்றுக்கிழமை இரவு, பண்டிகைக் கூட்டம் நிறைந்த கோட்டை வாசல் பகுதியில் பலூனுக்கு ஹீலியம் அடிக்கும் சிலிண்டர் வெடித்தது. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். ஹீலியம் தீப்பிடிக்காத வாயு. அங்கே உயிரைப் பறிக்க நெருப்பு தேவைப்படவில்லை, இரும்புக்குள் அடைபட்ட அழுத்தமே போதுமானதாக இருந்தது. உள்ளே வெறும் காற்று இருந்தாலும் அழுத்தம் அழுத்தம்தான்.

இப்படி ஒரு சாவு நடந்தால் ஊர் “விதி” என்று சொல்லும். பறிகொடுத்த குடும்பம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்குமென்றால் அதைப் பறிக்க யாருக்கும் உரிமையில்லை. சிலிண்டரை நிரப்பியவரும் விற்றவரும் அதே சொல்லுக்குப் பின்னால் ஒதுங்கலாமா என்பது வேறு கேள்வி. கொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. எண்ணம் இல்லாத இடத்தில் பாவம் உண்டா?

பௌத்தர்களின் விநய நூலில் ஒரு வழக்கு வருகிறது. துணி மூடிக் கிடந்த ஆசனத்தில் ஒரு பிக்கு பார்க்காமல் உட்கார்ந்துவிடுகிறார். துணிக்கடியில் இருந்த குழந்தை இறந்துபோகிறது. எண்ணம் இல்லாததால் கொலைக் குற்றம் அவர்மேல் சாரவில்லை. ஆனால் பார்க்காமல் ஆசனத்தில் உட்காருவது இனி குற்றம் என்று புத்தர் விதித்ததாக நூல் சொல்கிறது. அடியில் குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம்தான்.

சமணர்கள் இன்னும் கடுமையானவர்கள். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போதே கவனமின்மையை அதற்குள் வைத்துவிடுகிறது. வந்தவாசிப் பக்கத்துப் பொன்னூர் மலையோடு மரபு சேர்த்துப் பேசும் குந்தகுந்தரோ, கவனமில்லாமல் நடப்பவனுக்கு உயிர் செத்தாலும் சாகாவிட்டாலும் இம்சை உறுதி என்கிறார். பார்த்துப் பார்த்து நடந்தும் காலடியில் ஓர் உயிர் போய்விட்டால் அவனை வினை ஒட்டாது. கோட்டை வாசலுக்கு மேலே தெரியும் மலையிலேயே சமணர் படுக்கைகள் இருக்கின்றன. இந்தச் சிந்தனை திருச்சிக்கு வெளியூர்ச் சரக்கு அல்ல.

அந்த அளவுகோலை எடுத்தால் வெடித்த சிலிண்டரை மட்டும் பேசிப் பயனில்லை. பத்து வருஷமாக வெடிக்காமல் ஓடும் டேங்கையும் பேச வேண்டும். காசை மிச்சம் பிடிக்க, பழைய இரும்புக் கடையில் கிடைத்த கேஸ் சிலிண்டருக்கு ஒரு வால்வைப் பற்றவைத்துக் காற்றுத் தொட்டியாக்கும் பழக்கம் இருக்கிறது. 14.2 கிலோ வீட்டு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 33 லிட்டர். அதில் 10 பார் அழுத்தத்துக்குக் காற்றை ஏற்றினால், ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து மோதுகிற சக்தி உள்ளே உட்கார்ந்திருக்கும். சமையல் எரிவாயு இரும்பை அரிக்காது. காற்றிலோ ஈரம் இருக்கிறது. அழுத்தும்போது அது தண்ணீராகி அடியில் தேங்கும், தகட்டை உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்.

அதனால்தான் ஹைட்ரோ டெஸ்ட். திருவெறும்பூர் பெல் (BHEL) ஆலையைச் சுற்றி வெல்டிங் தொழில் வளர்ந்த ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தொட்டி முழுக்கத் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தை விடக் கூடுதலாக ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் அழுத்தத்தில் மிகக் கொஞ்சமே சுருங்கும். ஆகவே பலவீனமான தகடு பிளந்தாலும் பீய்ச்சியடித்துவிட்டு அழுத்தம் சட்டென இறங்கிவிடும். காற்றை வைத்துச் சோதிப்பவர் சோதனையையே விபத்தாக்கிவிடுவார்.

வீட்டு சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. டெபாசிட் கட்டியவருக்குச் சொந்தமில்லை. அதன் கைப்பிடித் தகட்டின் உள்பக்கத்தில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும் ஓர் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் மார்ச், டி என்றால் டிசம்பர். அந்தக் கெடுவுக்குள் மறுசோதனை. சோதனையில் தோற்ற சிலிண்டரைத் தட்டையாக நசுக்க வேண்டும், அல்லது துண்டுகளை மறுபடி ஒட்டவே முடியாதபடி கோணல்மாணலாக வெட்ட வேண்டும் என்கின்றன எரிவாயு சிலிண்டர் விதிகள். எவ்வளவு அக்கறையான வரி! யாரோ ஒரு வெல்டரின் கைக்கு அது போய்ச் சேரக் கூடாது என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

பஞ்சர் கடைக்காரர் ஏழை, புது டேங்குக்கு அவரிடம் பணமில்லை என்பது உண்மை. அந்த வாதத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. மிச்சமாகும் பணம் அவருக்கு. டயருக்குக் காற்றடிக்க வந்து பக்கத்தில் நிற்கும் லோடு வண்டிக்காரருக்கு அந்த பேரத்தில் எதுவும் கிடைப்பதில்லை, ஆபத்தைத் தவிர. அவரை யாரும் கேட்கவும் இல்லை. சிலிண்டரை வெட்டாமல் முழுசாக எடைக்குப் போட்டவர், அதை வாங்கி விற்றவர், வால்வு பற்றவைத்தவர் என்று பலருடைய கவனமின்மை அங்கே வரிசையாக நிற்கிறது. கடைசிக் கையை மட்டும் போலீஸ் பிடிக்கலாம். வினைக் கணக்கு அங்கே நிற்காது.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் இயந்திரத்தைக் கழுவித் துடைக்கிறார்கள். அந்தக் காலையில் கம்ப்ரசரை அணைத்து, டேங்கின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து வருகிற தண்ணீரின் நிறத்தைப் பார்க்கலாம். செம்பட்டையாக இருந்தால் டேங்க் டெஸ்டுக்குப் போக வேண்டும். சேஃப்டி வால்வு துருவேறி இறுகியிருந்தால் மாற்ற வேண்டும். டேங்கே பழைய கேஸ் சிலிண்டர் என்றால் அதற்கு மாலை போடக் கூடாது, காற்றும் ஏற்றக் கூடாது. மிச்சக் காற்றை மெதுவாக வெளியேற்றிவிட்டு, கேஸ் ஏஜென்சிக்குச் சொல்லி ஒப்படைத்துவிடலாம்.