மேடையும் மெய்யும்

பேச்சைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், தாம் நம்பாததை நம்புபவர்போல் எடுத்துரைத்தல் அறமாகுமா? வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலோ கொட்டாஞ்சேனை விவேகானந்த சபையிலோ பட்டிமன்றம் கேட்டுத் திரும்புவோர் சிலரிடத்தேனும் இவ்வினா எழாமற் போகாது. சென்ற மாதம் கண்ணகிக்காகக் குரல் தழுதழுத்தவர், இம்மாதம் மாதவிக்காகத் தழுதழுக்கின்றார். கைதட்டல் இரண்டிற்கும் ஒன்றே.

பிளேட்டோவின் 'கோர்ஜியாஸ்' என்னும் உரையாடலிலே சோக்கிரதர் பேச்சுக்கலையைச் சமையலுக்கு ஒப்பிடுகின்றார். மருத்துவம் உடலுக்கு நன்மை எதுவென ஆராய்கின்றது. சமையலோ நாவுக்கு இனியதை மட்டுமே நாடுகின்றது என்பது அவர் வாதம். (சமையற்காரர் இதனை ஏற்பாரோ என்பது வேறு.) ஒப்புமை கூரியதாயினும் பட்டிமன்றத்துக்கு முற்றாகப் பொருந்தாது. அணிகள் முன்னரே பிரிக்கப்பட்டமையை அவையோர் அறிவர். மறுப்பவரும் நடுவரும் அதே மேடையிலேயே வீற்றிருக்கின்றனர். ஏமாறுவோர் இல்லாதவிடத்து ஏமாற்றும் இல்லை.

இடர் வேறிடத்தில் உள்ளது. அதே பேச்சாளர், அதே குரலோடும் பழகிய இடைநிறுத்தங்களோடும், நூல் வெளியீட்டு விழாவுக்குச் செல்கின்றார். அங்கே எதிரணி இல்லை. முன்னுரையை மட்டும் புரட்டிப்பார்த்த நூலைக் காலத்தை வென்று நிற்கும் நூல் என்கின்றார். பின்வரிசை மாணவன் அதனை நம்பி, பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தையும் சேர்த்துக் கொடுத்து நூலை வாங்குகின்றான். பேசியவருக்கு அது மற்றுமொரு பாத்திரம். கேட்டவனுக்கோ அது சான்று.

ஆறுமுக நாவலர் 1847 டிசெம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது பிரசங்கத்தைத் தொடங்கியபோது, கிறித்தவப் போதகரிடம் கண்ட முறையையே கைக்கொண்டார். முறை இரவல், கொள்கை அவருடையது. மறு ஆண்டில் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் வகித்த ஆசிரியப் பதவியையும் துறந்தார். திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' எனப் பட்டம் அளித்தது 1849இல். பதவியைத் துறந்ததன் பின்னரே.

எனினும் நம்பிக்கை ஒன்றே போதுமெனல் இயலாது. பிழையானதை உளமார நம்புபவரும் உருக்கமாகவே பேசுவார். ஆகவே பேச்சாளரிடம் கேட்கத்தக்கது உருக்கமன்று. நூலைப் படித்தாரா, எவ்வளவு படித்தார், எங்கே ஐயுற்றார் என்பவற்றை அவைக்கு அறிவித்தலே. ஆயின் அழைப்பு பெரும்பாலும் விழாவுக்குச் சில நாள் முன்னரே வருகின்றது. நூலோ சில வேளை மேடையிலேதான் கைக்கு எட்டுகின்றது. அத்தகைய அழைப்பை மறுப்பவருக்கு அடுத்த அழைப்பு வராமலும் போகலாம். சன்மானத்தை நம்பி வாழ்பவருக்கு அது சிறிய இழப்பன்று.